சாட்சிக்கு வந்த தட்டான்

இங்கன உக்காருங்க அண்ணாச்சி, அந்தப் பெஞ்சு ஆடும். வக்கீல் வர ஒரு மணி நேரம் ஆகும்னு குமாஸ்தா சொல்லுதாரு. அவரு ஒரு மணி நேரம்னா நாம மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெறவுன்னு வச்சுக்கிடணும். ஒங்களுக்கு என்ன கேஸு? பாகப்பிரிவினையா? பரவால்ல. அண்ணன் தம்பியோட மல்லுக்கு நிக்கீய, அதுல ஒரு கௌரவம் இருக்கு. எனக்கு எதிர்ச்சாட்சி யாருன்னு சொன்னா சிரிப்பீய. தட்டான். நகை செய்யுத தட்டான் இல்ல, பறக்குத தட்டான். நாலு றெக்கை, முண்டக்கண்ணு, வாலு நீளமா இருக்குமே, அதேதான். சிரிங்க, ஊரே சிரிச்சாச்சு.

எம்பேரு கோமதிநாயகம். டைல்ஸ் கிரானைட் கடையில இருபத்தெட்டு வருசம் சேல்ஸ்மேன். கல்லத் தொட்டுப் பாத்தே எந்தக் குவாரின்னு சொல்லிருவேன். பெருமைக்குச் சொல்லல, சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான். வேலைய விட்டு நிக்குத சமயத்துல பாளையங்கோட்டைக்குத் தெக்க ஒரு மனை வாங்கி வீடு கட்டினேன். நான் பெறந்து வளந்த ஊருக்குப் பக்கத்துலயே. லேக் வியூ கார்டன்னு பேரு. மொத்தம் பன்னெண்டு வீடு. பால் காய்ச்சுத அன்னைக்கு என் மச்சினன் வந்து, 'லேக் எங்க அத்தான்?'னு கேட்டான். இங்கிலீஷ்ல பேரு வச்சா அதுல இருக்க எல்லாத்தையும் தேடப்பிடாது மாப்ளன்னு சொன்னேன்.

டவுன் பஸ் கண்டக்டர் எங்க ஸ்டாப்பு வந்தா 'குளத்தாங்கரை எறங்கு'ம்பான். அதுக்கு நாம என்ன செய்ய முடியும்? பாளையங்கோட்டைன்னு பேரு, போய்ப் பாருங்க, கோட்டையா நிக்கு? பேரு பேருதான். போர் போட்டப்ப பன்னெண்டு அடியிலேயே தண்ணி வந்துட்டு. ராசியான எடம்னு எல்லாரும் சொன்னாவ. மழை பெஞ்சா அடுப்படிக்குள்ள தவளை கத்தும். ஊர் ஓரம்னா கத்தத்தான் செய்யும், அதப் போயி பெருசா எடுத்துக்கிடலாமா?

நல்ல வீடு அண்ணாச்சி. அதுல என் உசுரே முன்னால இருக்க கார் ஷெட்டுதான். மேல கூரை கெடையாது, தரை மட்டும். கறுப்புக் கிரானைட்டு, நானே பொறுக்கி எடுத்த கல்லு, மூணு தடவ பாலிஷ். அதுல முகம் பாத்துத் தல சீவலாம். நான் சீவியிருக்கேன். என்ட்ட கார் கெடையாது. ஒரு பழைய ஸ்கூட்டர் இருக்கு, அதையும் ரோட்டுலதான் நிப்பாட்டுதேன். கல்லுல டயர் தடம் விழும்லா.

மொத வருசம் ஐப்பசி மாசம். ரெண்டு மழை பெஞ்சு வெயிலு சுள்ளுனு அடிக்கி. பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கேன், சர்ருனு ஒரு கூட்டம். மஞ்சத் தட்டான். நூறு இருக்கும். ஜோடி ஜோடியா ஒண்ணப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு, என் கல்லுக்கு மேல வட்டமடிக்கி. பெறவு தாழ எறங்கி, பின்னால இருக்குத பொட்டை வால வளைச்சு கல்லுல டப்பு டப்புனு தட்டுது. கிட்டப் போயி பாத்தேன். முட்டை. கடுகுல பாதி கூட இருக்காது. என் பாலிஷ் கல்லுல முட்டை போடுது அண்ணாச்சி.

எனக்கு எப்படி இருக்கும்? வெளக்கமாத்த எடுத்து வெரட்டினேன். பினாயில் ஊத்தினேன். மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சேன், அது கல்லு இன்னும் பளபளன்னு ஆயி எரநூறு வந்துட்டு. நான் இந்தப் பாடு படுதேன், ஆவுடை, அதான் எம்பொஞ்சாதி, உள்ள இருந்து ஒரு அண்டாவத் தூக்கிட்டு வந்து தண்ணிய நெறச்சு ஓரமா வைக்கா. ஏட்டி இது எதுக்குன்னு கேட்டா, 'பாவம்ங்க, பிள்ளைத்தாச்சிக. கல்லுல போட்ட முட்டை வெயிலுல காஞ்சு போயிருமே'ங்கா. அவனவன் பொஞ்சாதி புருசனுக்குத் தண்ணி மோந்து குடுப்பா, இவ தட்டானுக்கு மோந்து வைக்கா.

இது எங்க தெருவோட போயிருந்தா ஒரு கதையும் இல்ல. பால்வண்ணன் கண்ணுல பட்டுட்டு.

பால்வண்ணன் யாருன்னு சொல்லணும்லா. என் கூட்டாளி. ஒண்ணாம் வகுப்புல இருந்து ஒரே பெஞ்சு. எங்க தெருவுக்குக் கீழ்ப்பக்கம் அவனுக்கு ஒன்றரை ஏக்கர் வயலு. இந்தத் தெரு வந்ததுல இருந்து ஆறு வருசமா அதுல நெல்லு போடல, தண்ணி வரலங்கான். தண்ணி வராததுக்கு எங்க தெரு என்ன செய்யும்? நாங்க வாய்க்கால அடைச்சமா? வாய்க்கால் இருந்த எடத்துல மூணாம் நம்பர் வீட்டுக்காரரு காம்பவுண்டு கட்டிருக்காரு, அவ்வளவுதான்.

அவன் ஒரு நாள் வந்து என் வாசல்ல அரை மணி நேரம் நின்னு தட்டானப் பாத்தான். காப்பி குடிச்சான், போனான். மறு வாரம் பன்னெண்டு வீட்டுக்கும் தபால் வருது. மனு போட்டுருக்கான். 'மேற்படி எடம் பழைய குளம். தூத்து மனை போட்டுட்டாவ. குளம் இருந்த எடத்தத் தேடி இன்னைக்கும் தட்டான் வந்து முட்டை போடுது. நல்ல தண்ணியத் தவிர வேற எங்கயும் முட்டை போடாத பிராணி அது. அதுவே சாட்சி.' காப்பிய எங்கிட்டக் குடிச்சிட்டு, மனுவ என் வாசலப் பாத்து எழுதிருக்கான்.

தாலுகா ஆபீஸ்ல பழைய பதிவேட்ட எடுத்துப் பாத்தாவ. எங்க சர்வே நம்பர் இருக்க பக்கத்த மட்டும் கரையான் தின்னுட்டு. அப்ப என்ன ஆச்சு, காகிதம் பேசாது, மனுசன்தான் பேசணும். தாசில்தார் அம்மா நேர்ல வந்து விசாரிக்கப் போறாவ. குளம்னு முடிவாச்சுன்னா பன்னெண்டு வீட்டையும் இடிச்சிருவாவ. நாங்க எல்லாரும் மூணாம் நம்பர் வீட்டு மாடியில கூட்டம் போட்டோம். அது தரிசு நெலம், ஆதியில இருந்தே தரிசு நெலம், இத எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும்னு பேச்சு. யார் பேசுததுன்னு வந்தப்ப எல்லாரும் என்னத்தான் பாத்தாவ. இருபத்தெட்டு வருசம் கவுண்டர்ல நின்னவன்லா. உள்ளூர்க்காரன் வேற. எனக்கு அன்னைக்கு நெஞ்சு ரெண்டு இஞ்சு அகலமாயிட்டு, பொய் சொல்லல.

வேலைன்னு எடுத்துக்கிட்டா நான் அரைகுறையா செய்ய மாட்டேன். காலேஜ்ல பூச்சிப் பாடம் நடத்துத பிரிசில்லா மேடத்தத் தேடிப் போயி கூட்டிட்டு வந்தேன். அவிய வந்து கல்லப் பாத்தாவ, தட்டானப் பாத்தாவ. 'சார், இது தண்ணியத் தேடி வரல. கறுப்புக் கல்லு பாலிஷா இருந்தா வெளிச்சம் அதுல பட்டு வாரது தண்ணி மாதிரியே இதுக்குத் தெரியும். ஏமாந்து போடுது. கார் மேலயும் போடும்'னாவ. எனக்கு அந்த அம்மா கால்ல விழணும் போல இருந்துச்சு. இன்னொண்ணும் சொன்னாவ. இந்த மஞ்சத் தட்டான் உள்ளூர் சரக்கே இல்லியாம். கூட்டங்கூட்டமா காத்துல ஏறி கடலத் தாண்டி ஆப்பிரிக்கா வரைக்கும் போகுமாம். இத்தினிக்காணு பூச்சி. மழை எங்க பெய்யோ அங்க எறங்கி, முட்டை போட்டுட்டு, போயிட்டே இருக்குமாம். நான் ஒரு நோட்டுல எல்லாத்தையும் எழுதிக்கிட்டேன். வெளிநாடு போயிட்டு வார சாட்சி உள்ளூர் நெலத்தப் பத்தி என்ன சொல்ல முடியும்? நீங்களே சொல்லுங்க.

விசாரணை அன்னைக்குக் காலையில பத்து மணி. கல்லு மேல சாக்கு விரிச்சு மூடிட்டேன். தாசில்தார் அம்மாவோட ஆபீஸ் ஜீப்பு ரிப்பேர்னு சொந்தக் கார்ல வந்தாவ. புதுக் காரு. கறுப்பு. நேரா என் வீட்டு வாசல்ல வந்து நிக்கு. அவிய எறங்கி, பால்வண்ணன் மனுவ வாசிச்சு, 'எங்கய்யா தட்டான்?'னு கேக்க வாயத் தெறக்காவ, சர்ருனு வந்துட்டு கூட்டம். ஆனா ஒண்ணு கூட சாக்குப் பக்கம் போகல அண்ணாச்சி. நேரா அம்மாவோட கார் பானெட்டுக்குப் போயி டப்பு டப்புனு முட்டை போடுது.

நான் விட்டனா? நோட்டப் பிரிச்சேன். 'அம்மா, ஒங்க காரு குளமா?'ன்னு கேட்டேன். டிரைவரு சிரிச்சிட்டான். அம்மாவும் சிரிச்சிட்டாவ. வெளிச்சக் கணக்கு, ஆப்பிரிக்கா, பிரிசில்லா மேடம் எல்லாத்தையும் எடுத்து விட்டேன். இருபது நிமிசம் நான் ஒருத்தன்தான் பேசினேன். கடைசியில அந்த அம்மா, 'தட்டான வச்சு எந்த முடிவுக்கும் வர முடியாது'ன்னு எழுதச் சொன்னாவ. எங்க தெருவுல அப்படி ஒரு சந்தோசம். மூணாம் நம்பர்க்காரரு சோடா வாங்க ஆள் அனுப்பிட்டாரு. ஏழாம் நம்பர் அக்கா என்னையப் பாத்துக் கும்பிட்டுது.

அதோட முடிஞ்சிருக்கணும். முடிஞ்சிட்டுன்னுதான் நெனச்சேன்.

பால்வண்ணன் மனுவ நாலா மடிச்சு சட்டைப் பையில வைக்கான். முகம் தொங்கிப் போச்சு. எனக்குப் பாவமா இருந்துச்சு, எத்தன வருசப் பழக்கம். பக்கத்துல வந்து, 'சரி மக்கா, நீ ஜெயிச்சிட்ட'ங்கான். பெறவு சும்மா பேச்சுவாக்குல, அந்த அம்மா கார்ல ஏறப் போற நேரம், 'இருந்தாலும் நாம சின்னப் பிள்ளையில பிடிச்சதெல்லாம் இந்த மஞ்சத் தட்டான்தானல'ங்கான்.

எனக்கு வந்துதே ஒரு கோவம். தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். நான் சொன்னேன், 'போல மூதி. மஞ்சத் தட்டான நாம எங்கல பிடிச்சோம்? அது ஒரு எடத்துல உக்காரவே உக்காராதுல்லா. நாம பிடிச்சது செவப்புத் தட்டான். மொளகாப்பழம் மாதிரி, குச்சி நுனியில உக்காந்திருக்கும்.' அதுக்கு அவன், 'சரி, நாம பிடிச்சது செவப்பு ஒண்ணுதான்'ங்கான். ஒண்ணுதானாம். 'அப்ப சேலைக்காரி?'ன்னு கேட்டேன். 'அது எதுல?'ங்கான்.

சேலைக்காரிய மறந்துட்டான் அண்ணாச்சி. நீங்க பாத்திருக்கீயளா? றெக்கை பூராவும் மஞ்சளும் கறுப்புமா, புதுச்சேலை கட்டுன மாதிரி இருக்கும். நாங்க வச்ச பேருதான் அது. தட்டான் மாதிரி வெறைப்பா பறக்காது, வண்ணத்துப்பூச்சி மாதிரி ஆடி ஆடி வரும். அதப் பிடிக்க எங்க செட்டுலயே நான் ஒருத்தன்தான். மூச்சப் பிடிச்சுக்கிட்டு, பின்பக்கமாப் போயி, ரெண்டு வெரலால. அதத்தான் தெரியாதுங்கான். 'எல, அல்லிக்கொடி கெடக்குத தண்ணியில மட்டும்தாம்ல அது இருக்கும். வருசம் பூரா வத்தாத தண்ணி வேணும். ஓடுத தண்ணியில இருக்காது. மறந்துட்டியா? வடகிழக்கு மூலையில அல்லி அடைச்சுக் கெடக்குமே, அங்கனதான் கூட்டமா நிக்கும்'னு நான் சொல்லுதேன், கார்க்கதவ மூடிட்டு அந்த அம்மா திரும்பி வாராவ.

'எங்க பிடிச்சீங்க?'ன்னு கேட்டாவ. ரொம்ப மரியாதையாக் கேட்டாவ. 'இந்தா, நீங்க நிக்கீயளே, இங்கனதாம்மா. எனக்கு இடுப்பளவு தண்ணி இருக்கும்'னேன். அந்த அம்மா தரையக் குனிஞ்சு பாத்து ஒரு எட்டு தள்ளி நின்னாவ.

படிச்சவங்களுக்கு ஒரு விசயத்தக் கத்துக்கிடணும்னு ஆர்வம் இருக்கு பாருங்க. மடை எங்க இருந்துச்சுன்னு கேட்டாவ. என் அடுப்படி ஜன்னலக் காட்டினேன். மறுகால், அதான் குளம் நெறஞ்சா தண்ணி வழிஞ்சு போற எடம், எங்கன்னு கேட்டாவ. மூணாம் நம்பர் காம்பவுண்டக் காட்டினேன். பால்வண்ணன் குறுக்க குறுக்க தப்பாச் சொல்லிக்கிட்டே இருந்தான், கரை இந்தப் பக்கம்ங்கான், படித்துறை நாலு படிங்கான். ஏழு படி அண்ணாச்சி. அவன் சொன்ன தப்பையெல்லாம் நான்தான் திருத்தினேன். கடைசியில பேச்சுல புரியாதுன்னு ஒரு பேப்பர் வாங்கி படமே போட்டுக் குடுத்துட்டேன். அல்லிக்கு அல்லி, செவப்புத் தட்டான் உக்காருத நாணலுக்கு நாணல். கீழ கையெழுத்து போடச் சொன்னாவ, போட்டேன். அந்த அம்மா எனக்குக் கை குடுத்தாவ. பால்வண்ணனுக்குக் கண்ணு கலங்கிட்டு. என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'நீ மாறவே இல்லல'ங்கான். தோத்தவனுக்கு வருத்தம் இருக்கத்தான செய்யும்.

திரும்பிப் பாக்கேன், தெருவுல ஒரு ஆளு இல்ல. சோடா வாங்கப் போனவன் ஒரு கிரேட்டத் தூக்கிட்டு தனியா நிக்கான்.

பத்து நாள்ல நோட்டீஸ் வந்துட்டு, பன்னெண்டு வீட்டுக்கும். அதுல இருந்து ஒருத்தரும் என்ட்டப் பேசுததில்ல. நான் அவ்வளவு நேரம் தொண்ட கிழிய தெருவுக்காகப் பேசிருக்கேன், தாசில்தாரே கை குடுத்துருக்காவ, அது பொறுக்கல ஒருத்தருக்கும். ஏழாம் நம்பர் அக்கா என்னைய ரோட்டுல பாத்தா எதிர்வாடையில போகுது. ஆவுடைட்டக் கேட்டேன், நான் என்ன தப்பாச் சொன்னேன், ஒரு எடத்துல தப்பு காட்டுட்டி பாப்பம்னு. 'ஒரு தப்பும் இல்லங்க, எல்லாமே சரியாச் சொன்னீய'ன்னா. சொல்லிட்டு அண்டாவுல தண்ணி கொறஞ்சிருக்குன்னு ஊத்தப் போயிட்டா. அந்த அண்டாவுல இப்ப குஞ்சு நீந்துது அண்ணாச்சி. முள்ளு முள்ளா, பாக்க சகிக்காது. போன வாரம் ஒண்ணு ஈர்க்குச்சியில ஏறி, தோல உரிச்சுப் போட்டுட்டுப் பறந்துச்சு. அவ காலையில இருந்து காப்பி கூடக் குடிக்காம உக்காந்து பாத்தா. நானும்தான் பாத்தேன்.

நோட்டீஸ எதுத்து எங்க தெரு போட்ட கேஸுல, இப்ப கோர்ட்டு இன்னொரு தடவ விசாரிக்கச் சொல்லிருக்கு. திங்கக்கிழம. அதே அம்மா, அதே பால்வண்ணன். வக்கீலு ஒரே ஒரு வழிதான் இருக்குன்னுட்டாரு. 'படம் போட்டது நீங்க. நீங்களே மாத்தணும். சின்ன வயசு ஞாபகம் கொழம்பிட்டு, நான் சொன்னது பக்கத்து ஊரு சித்தன்குளம்னு சொல்லுங்க. அது வேற குளம். அவ்வளவுதான், அதுக்கு மேல ஒரு சொல்லு பேசப்பிடாது'ன்னு கண்டிசனாச் சொல்லிருக்காரு. அதப் பழகத்தான் இன்னைக்கு வரச் சொன்னாரு. ரெண்டு நாளா கண்ணாடி முன்னால நின்னு சொல்லிட்டு இருக்கேன். கண்ணாடின்னா எங்க, அந்தக் கல்லுதான்.

ஒண்ணு செய்யுங்க. வக்கீல் வார வரைக்கும் நமக்கும் சோலி இல்ல. நீங்க அந்த அம்மா மாதிரி கேளுங்க, நான் சொல்லிப் பாக்கேன். 'கோமதிநாயகம், நீங்க படம் போட்டுக் குடுத்த குளம் எது?'ன்னு கேளுங்க. கொஞ்சம் அதிகாரமா.

அது வேற குளம்மா. சித்தன்குளம். எனக்கு ஞாபகம் கொழம்பிட்டு.

நல்லா வருதுல்லா? முகம் எப்படி இருந்துச்சு? இயற்கையாத்தான இருந்துச்சு? இன்னொரு தடவ கேளுங்க. இல்ல, அதையே கேக்காண்டாம், நீங்களா ஒண்ணு கேளுங்க. அந்த அம்மா சுத்தி வளைச்சுக் கேப்பாவ.

என்னது? சித்தன்குளத்துல சேலைக்காரி உண்டான்னா கேக்கீய?

அங்க எப்படி அண்ணாச்சி இருக்கும்? அது பாறைக்குளம்லா. சித்திரையில சொட்டுத் தண்ணி நிக்காது, அல்லி ஒரு எலை மொளைக்காது. அங்க நீங்க வருசம் பூரா உக்காந்து பாத்தாலும் ஊசித்தட்டானுக்கு மேல ஒண்ணும் வராது. சேலைக்காரி நம்ம குளத்துல மட்டும்தான். நீங்க இன்னைக்குத்தான் கேள்விப்படுதீய, ஒங்களச் சொல்லிக் குத்தமில்ல.

ஏன் சிரிக்கீய?

ஓ.

சரி. சிரிங்க. ஆனா ஒண்ணு கேட்டுக்கிடுங்க. எனக்கு வீடு வேணும் அண்ணாச்சி. அதுல வெளையாட்டு இல்ல. எனக்கும் ஆவுடைக்கும் வேற போக்கிடம் கெடையாது. குளமே இல்லன்னு சொல்லச் சொன்னாலும் சொல்லிருவேன். ராஜஸ்தான் கல்ல இத்தாலிக் கல்லுன்னு இருபத்தெட்டு வருசம் சொல்லி வித்த வாயிதான் இது, ஒரு பொய்யில தேஞ்சிராது. ஆனா அந்தச் சித்தன்குளத்துல சேலைக்காரி பறந்துச்சுன்னு என்னால எப்படிச் சொல்ல முடியும்? பால்வண்ணன் எதிர்ல நிப்பாம்லா. அவன் சிரிச்சிருவான்.